இடப்பக்கம்

ஒன்பது நாள். இன்னும் பெயர் வைக்கவில்லை.
கைப்பட்டியில் 'கஜந்தினியின் பேபி' என்றிருந்தது.
மூன்று கிலோவுக்கு நூற்றிருபது கிராம் குறைவு.
இரண்டு பெருங்குழாய்களும் இடம் மாறிப் பிறந்த இதயம்.
விடிய எட்டியாவத்தையில் நூற்றெழுபத்தாறு ஏறினேன்,
பொரளையில் இறங்கும்போது மழை.
செருப்பின் ஈரத்தைத் தியேட்டர் வாசலோடு விட்டேன்.

உள்ளே அவரவர்க்கு ஒரு வேலை.
நிபுணர் இதயத்தைப் பார்ப்பார்,
ருவினி பம்ப்பைப் பார்ப்பாள்.
நான் நெற்றியைப் பார்க்கிறேன்.

இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று,
முத்திரையளவில் இரண்டு ஒட்டிகள்.
கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்பு
தோலுக்குள் போய், எலும்புக்குள் போய்,
மூளை குடித்தது போக மிச்சம் எவ்வளவு என்று
திரும்பி வந்து சொல்லும்.
எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் தலையெழுத்து என்பார்கள்,
அப்பா சீட்டில் தோற்றதற்கும்.
எனக்குத் தெரிந்த தலையெழுத்து இரண்டு இலக்கம்,
ஐந்து செக்கனுக்கு ஒருதரம் மாறும்.

அறுபத்தேழு. அறுபத்தொன்பது.
நிபுணருக்கு ஆங்கிலத்தில் சொல்வேன், ருவினிக்குச் சிங்களத்தில்,
மனதுக்குள் எண்ணுவது மட்டும் தமிழில்.

குளிரூட்டினார்கள்.
உடம்பு இறங்க இறங்க
மூளையலைகளும் படுத்துக்கொண்டன,
காக்கைதீவில் காற்று விழுந்த நேரத்துக் கடல் மாதிரி.
குறிப்பில் அதை 'அமைதி' என்று எழுத வேண்டும். எழுதினேன்.

பிறகு இடப்பக்கம் மட்டும் இறங்கியது.
ஐம்பத்து நான்கு. நாற்பத்தாறு.
முப்பத்தெட்டு.
வலம் அசையவில்லை.
சொன்னேன். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.
ஒட்டி கழன்றதா? இல்லை.
ருவினி ஓட்டத்தைக் கூட்டினாள்,
யாரோ பச்சைத் துணிக்கடியில் கைவிட்டுச்
சரிந்திருந்த தலையை நேராக்கினார்,
நிபுணர் குழாயை ஒரு நூல் பின்னுக்கு இழுத்தார்.
எது கைகொடுத்தது என்று யாருக்கும் தெரியாது.
நாற்பத்தொன்று. ஐம்பது. அறுபத்திரண்டு.
'ஏழு நிமிடம்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.
மூன்றாம் கிழமை தாயின் தோளில் தூங்கியபடி
வாகரைக்குப் பஸ் ஏறினான்.

மூன்று வருடம்.
வளர்ச்சிக் கிளினிக்கில் அவனைக் கண்டதைத்
தற்செயல் என்று சொல்ல மாட்டேன், பட்டியலில் தேடினேன்.
இப்போது பெயர் லவிஷன்.
குட்டி நாற்காலி, சிவப்புக் கட்டைகள்,
ஒன்றின்மேல் ஒன்று, எல்லாம் இடக்கையால்.
நாலுக்கு மேல் நிற்கவில்லை.
வலக்கை மடியில் கிடந்தது,
கூப்பிடாமல் வந்த விருந்தாளி போல.
சொற்கள்? 'ஒரு இருபது வரும்' என்றாள் கஜந்தினி.
'இவர்ர அப்பாவும் இடக்கைதான் டொக்டர்,
அவரும் பிந்தித்தான் கதைச்சவராம்.'
டொக்டர் அதையும் எழுதினார்.

வலக்கையை ஆள்வது இடமூளை. பேச்சும் பெரும்பாலும் அங்கேதான்.
ஆனால் பன்னிரண்டு நிமிடம் இறங்கிக் கிடந்த ஒருத்தி
வெள்ளவத்தையில் வாய்ப்பாடு சொல்கிறாள்,
ஒரு புள்ளிகூட இறங்காத ஒருவன்
இன்னும் அம்மா என்று கூப்பிடவில்லை.
இலக்கத்திலிருந்து பிள்ளைக்கு நேர் றோட்டு இல்லை.
அது ஆறுதலா என்று கேட்டால்,
இல்லை.

வெளியே லிஃப்ட் பொத்தானை விடாமல் அமத்தினான்.
'மேல' என்றான்,
லிஃப்ட் கீழே போய்க்கொண்டிருந்தது.
கஜந்தினி என் அடையாள அட்டையை வாசித்தாள்.
'மிஸ் அண்டைக்கு உள்ளுக்கு நின்றீங்களா?'
நின்றேன்.
'அழுதவனா?'

மயக்கத்தில் கிடந்த பிள்ளை.
மூன்று வருடமாக இதையா வைத்திருந்தாள்?
இல்லை, என்றேன். அமைதியாக இருந்தவன்.
சொல் வாயை விட்டுப் போன பிறகுதான்
முன்பு அதை எங்கே எழுதினேன் என்று
ஞாபகம் வந்தது.